விலைச்சீட்டை மறைத்த பிறகு நாக்கு சொன்ன தீர்ப்பு

கிரேக்க நாட்டு ஒயின்களைத் தரம் பார்த்தபோது நாம் கற்ற பாடம்



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இக்கட்டுரை ஒயினைப் பற்றியது. இது நம் மளிகைக் கடைகளில் விற்கும் சரக்கு அல்ல. தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003-ஆம் ஆண்டு முதல் அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. குடிக்கச் சொல்லி யாரையும் நாம் தூண்டவும் இல்லை. ஆனால் ஒரு சரக்கைப் பார்த்து, முகர்ந்து, சுவைத்து, "இது இன்ன தரம், இன்ன விலை பெறும்" என்று சொல்கிற வேலை உலகம் முழுவதும் ஒன்றுதான். மிளகாய் வத்தலுக்கும் அதுவே, துவரம் பருப்புக்கும் அதுவே, ஒயினுக்கும் அதுவே. அந்த வேலையில் பல ஆண்டு பழகிய நாம் நான்கு பேர், கிரேக்க நாட்டில் ஒரே நாளில் எப்படித் தோற்றோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் சென்றது ஆலிவ் எண்ணெய், உலர்திராட்சை கொள்முதல் பற்றி விசாரிக்க. எங்களில் ஒருவர் ஆரணிப் பக்கத்து அரிசி மொத்த வியாபாரி. ஒருவர் கும்பகோணத்தில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்பவர். ஒருவர் விருதுநகரில் வத்தல், மல்லி கமிஷன் மண்டி வைத்திருப்பவர், வயதில் மூத்தவர், அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். நான்காவது, இதை எழுதும் மளிகைக்காரர். அண்ணாச்சி மட்டும் வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை.

வடக்கே தெசலோனிக்கி நகரில் காப்பானி என்னும் பழைய கடைவீதி உண்டு. ஆலிவ், பாலாடைக்கட்டி, மீன், மசாலாச் சரக்கு எல்லாம் அடுத்தடுத்துக் குவிந்திருக்கும். அதன் அருகில் ஒயின் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எங்களுக்கு அறிமுகமானார். இளமையில் கப்பலில் வேலை பார்த்தவராதலால் ஆங்கிலம் பேசினார். "நீங்களும் வியாபாரிகள், நானும் வியாபாரி. நாளைக்கு வாருங்கள். எங்கள் நாட்டு ஒயின்கள் ஏழு வைக்கிறேன். மதிப்பெண் போட்டுக் காட்டுங்கள்" என்றார். நாங்களும் சம்மதித்தோம். நாக்கும் மூக்கும் நம் தொழிலின் முதலீடு அல்லவா!

மதிப்பெண் போடும் முறை

பெரியவர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். 20 மதிப்பெண். நிறத்துக்கும் தெளிவுக்கும் 3, வாசனைக்கு 7, சுவைக்கு 10. ஆஸ்திரேலிய ஒயின் போட்டிகளில் வெகுகாலம் வழங்கிவந்த முறை இது. இப்போது பல இடங்களில் 100 மதிப்பெண் முறையும் நடக்கிறது.

கோப்பையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி. அடி அகன்று வாய் குறுகிய சிறு கண்ணாடிக் கோப்பை; ஒயின் தரம் பார்ப்பதற்கென்றே சர்வதேசத் தர அமைப்பு 1977-இல் வகுத்த அளவு. அதில் 50 மில்லி ஊற்றினால் போதும். மீதி இடம் வாசனை திரளுவதற்காக. முதலில் வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பிடித்து நிறம் பார்க்க வேண்டும். பிறகு கோப்பையைச் சுழற்றி முகர வேண்டும். பிறகு ஒரு சிறு மிடறு. வாய் முழுவதும் புரட்டி, கொஞ்சம் காற்றையும் உள்ளே இழுத்து, பாத்திரத்தில் துப்பிவிட வேண்டும். குன்னூரில் தேயிலை ஏலத்துக்கு முன் சுவை பார்ப்பவர்கள் உறிஞ்சித் துப்புவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. துப்பிய பின் சுவை நாவில் எத்தனை நேரம் நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நல்ல சரக்கு சீக்கிரம் போகாது.

அண்ணாச்சி, "நான் வாயில் வைக்க மாட்டேன். முகர்ந்து மட்டும் சொல்கிறேன்" என்றார். ஆகவே அவர் மதிப்பெண்ணைக் கூட்டலில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தோம். அந்த முடிவைப் பற்றிப் பின்னால் வெட்கப்பட நேர்ந்தது.

காலை: ஏழு பாட்டில்கள், ஏழு விலைகள்

காலையில் ஏழு பாட்டில்களும் பெயரோடும் விலைச்சீட்டோடும் மேசையில் நின்றன.

முதலாவது ரெட்சினா. ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிக்கா பகுதியில் மிகுதியாக விளையும் சவாட்டியானோ என்னும் வெள்ளைத் திராட்சையில் பெரும்பாலும் செய்வது. புளிக்கும்போது பைன் மரப் பிசின் சேர்ப்பார்கள். பழங்காலத்தில் மண்சாடிகளின் உட்புறத்துக்கும் வாய்க்கும் பிசின் பூசியதிலிருந்து வந்த பழக்கம் என்பார்கள். மூக்கருகே கொண்டுபோனாலே டர்பன்டைன் நினைவு வரும். ஏழில் விலை குறைந்தது இதுதான்.

இரண்டாவது மோஸ்கோஃபிலெரோ. பெலப்பனீஸ் பகுதியில், கடல்மட்டத்துக்குச் சுமார் 650 மீட்டர் உயரத்தில் உள்ள மந்தீனியா மேட்டுநிலத்தில் விளைவது. தோல் இளஞ்சிவப்பு, ஆனால் ஒயின் வெள்ளை. ரோஜாப்பூ வாசனையும் சாத்துக்குடித் தோல் வாசனையும் வந்தன.

மூன்றாவது மலகூசியா. இந்தத் திராட்சை ஏறத்தாழ அழிந்தே போயிருந்தது. 1970-களில் தெசலோனிக்கிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வசிலிஸ் லோகோதெடிஸ் இதைக் காப்பாற்றிச் சேர்த்துவைக்க, எவாங்கலோஸ் யெரோவசிலியு என்னும் இளைஞர் ஹல்கிடிக்கிப் பகுதியில் நட்டு வளர்த்து ஒயின் எடுத்துக் காட்டினார். இன்று நாடு முழுவதும் பயிராகிறது. வாசனையில் துளசியும் பீச் பழமும் கலந்திருந்தன.

நான்காவது அசிர்ட்டிகோ. சான்டோரினித் தீவின் சரக்கு. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் பெரும் எரிமலை வெடித்த தீவு அது. மழை மிகக் குறைவு. காற்று பலமாக வீசும். ஆகவே கொடியைப் பந்தலில் ஏற்றாமல், தரையோடு தரையாகக் கூடை பின்னுவதுபோல் வளைத்துவிடுகிறார்கள். குலைகள் கூடைக்குள்ளே பதுங்கியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த வேர்ப்பூச்சி இந்த எரிமலை மணலில் பிழைக்க முடியவில்லை. அதனால் மிகப் பழைய வேர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. எலுமிச்சையின் கூர்மையான புளிப்பு, கடைசியில் ஓர் உப்புக் கரிப்பு. விலை அதிகம். சுற்றுலா விடுதிகள் பெருகித் தோட்டங்கள் சுருங்கிவருவதும் விலை ஏற ஒரு காரணம் என்றார் பெரியவர்.

ஐந்தாவது அகியோர்யிட்டிகோ, நெமியா என்னும் ஊரின் சிவப்பு. புராண வீரன் ஹெர்குலிஸ் சிங்கத்தைக் கொன்றதாகச் சொல்லப்படும் இடம். துவர்ப்பு மென்மை, செர்ரிப் பழ வாசனை, பழகாதவருக்கும் பிடிக்கும்.

ஆறாவது க்சினோமாவ்ரோ. பெயருக்கே "புளிப்புக் கருப்பு" என்று பொருள். வடக்கே வெர்மியோ மலைச்சரிவில் உள்ள நௌசா ஊரின் சரக்கு. நிறம் வெளிறியிருக்கும்; ஆனால் புளிப்பும் துவர்ப்பும் கடுமை. ஆண்டுகள் ஆகஆகப் பதமாகும். எங்கள் முன் இருந்தது பல ஆண்டு பழையது. ஏழில் விலை மிக உயர்ந்தது இதுதான்; ரெட்சினாவைப்போல் பத்து மடங்கு.

ஏழாவது சாமோஸ் தீவின் மஸ்கட், இனிப்பு ஒயின். அங்கே ஒரு மலைக்கே "திராட்சைக்கொடி" என்று பொருள்படும் ஆம்பெலோஸ் என்ற பெயர். அந்தச் சரிவுகளில் படிப்படியாக வெட்டிய தோட்டங்கள். தீவின் விவசாயிகள் 1934-இல் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தார்கள். அந்தச் சங்கத்தின் பெயர்தான் இன்றும் தீவின் ஒயினுக்கு முகவரி. தேனும் ஆரஞ்சுத் தோலும் உலர்திராட்சையும் கலந்த வாசனை.

ஆறாவது பாட்டிலில்தான் சங்கதி நடந்தது. காப்பிக்கடை நண்பர் முகர்ந்துவிட்டு, "பழைய ஒயினுக்கே உரிய ஆழமான வாசனை" என்றார். அரிசிக்காரரும் தலையாட்டினார். நாமும் "மண் வாசனை, காட்டு வாசனை" என்று தாளில் எழுதினோம். அண்ணாச்சி மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக, "தம்பி, இது நனைந்து காய்ந்த சாக்கு வாசனை அல்லவா?" என்றார்.

நாங்கள் சிரித்துவிட்டோம். "அண்ணாச்சி, இத்தனை யூரோ கொடுத்து வாங்கும் பாட்டிலில் சாக்கு வாசனையா? இதெல்லாம் பழகிய மூக்குக்குத்தான் தெரியும்" என்றோம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. "அப்படியும் இருக்கலாம்" என்று சொல்லித் தன் தாளில் எழுதியிருந்ததை அடித்துவிட்டார். கடைக்காரப் பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்தார்.

பிற்பகல்: காகிதப் பைக்குள் ஏழு பாட்டில்கள்

மதிய உணவுக்குப் பின், "இன்னும் ஏழு வைத்திருக்கிறேன்" என்றார் பெரியவர். இம்முறை பாட்டில்கள் பழுப்புக் காகிதப் பைக்குள் கழுத்துவரை மறைந்திருந்தன. வெளியே 1 முதல் 7 வரை எண் மட்டும். அவருடைய மகள் ஊற்றினார். பெரியவர் ஒரு நிபந்தனை போட்டார்: "எழுதி முடிக்கும்வரை யாரும் யாரோடும் பேசக்கூடாது. முகத்தையும் பார்த்துக்கொள்ளக் கூடாது."

மாலையில் பைகளை உருவினார். அவை காலையில் பார்த்த அதே ஏழு பாட்டில்கள்! வரிசையை மட்டும் மாற்றியிருந்தார். எங்கள் மூவரின் சராசரி மதிப்பெண்ணை அவர் மகள் சுவர்ப்பலகையில் எழுதினார். முதல் எண் காலை, இரண்டாவது எண் பிற்பகல்:

ரெட்சினா: 8, 14
மோஸ்கோஃபிலெரோ: 13, 14
மலகூசியா: 14, 15
அசிர்ட்டிகோ: 16, 17
அகியோர்யிட்டிகோ: 14, 13
க்சினோமாவ்ரோ: 18, 7
சாமோஸ் மஸ்கட்: 15, 16

ஐந்து ஒயின்களில் எங்கள் நாக்கு மாறவில்லை. ஒரு மதிப்பெண் கூடக் குறைய வருவது இயல்பு. ஆனால் விலை மிகக் குறைந்ததும் விலை மிக உயர்ந்ததும் தலைகீழாகிவிட்டன. ரெட்சினாவைப் பிசின் வாசனையே காட்டிக்கொடுத்துவிட்டது. அது ரெட்சினா என்று மூவருக்கும் தெரிந்தது. ஆனால் காலையில் பார்த்த அதே பாட்டில் என்று தெரியவில்லை. காப்பிக்கடை நண்பர் தன் தாளில், "காலையில் பார்த்ததைவிட உயர்ந்த ரகம்" என்று எழுதியிருந்தார்!

க்சினோமாவ்ரோவில் மூன்று பேருமே பூஞ்சை வாடை என்று எழுதியிருந்தோம். அண்ணாச்சியின் தாளில் பிற்பகலும் அதே சொற்கள்: "நனைந்த சாக்கு". இம்முறை அவர் அடிக்கவில்லை.

பெரியவர் சொன்னார்: "அந்தப் பாட்டிலைக் காலையில் திறந்தவுடனேயே கெட்டது என்று எனக்குத் தெரியும். வேண்டுமென்றே வைத்தேன். என்னிடம் வேலைக்கு வருபவர்களுக்கும் இதே பரீட்சைதான். மூடி திறந்து நேரம் ஆகஆக வாடை கூடத்தான் செய்யும், அதனால் பிற்பகல் உங்களுக்குக் கொஞ்சம் எளிது. ஆனால் காலையிலேயே ஒருவர் சரியாகச் சொன்னார். நீங்கள் மூன்று பேர் சேர்ந்து அவர் வாயை அடைத்துவிட்டீர்கள்."

எங்களுக்குத் தலை நிமிரவில்லை. அண்ணாச்சி மண்டியில் எத்தனையோ மழைக்காலம் மூட்டை பிரித்தவர். ஈரம் பட்ட சாக்கை இருட்டில் கண்டுபிடிப்பவர். அந்த மூக்கைத்தான் விலைச்சீட்டு ஒன்றைப் பார்த்து நாங்கள் கேலி செய்தோம்.

அந்த வாடை எங்கிருந்து வருகிறது?

பாட்டிலை அடைக்கும் கார்க் ஒரு மரத்தின் பட்டை. அதில் பூஞ்சை பிடித்து, குளோரின் கலந்த சில பொருள்களோடு சேரும்போது டி.சி.ஏ. என்ற வேதிப்பொருள் உண்டாகிறது. இதுதான் காரணம் என்று 1980-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். உடலுக்குக் கேடில்லை, ஆனால் ஒயினின் நல்ல வாசனை முழுவதையும் அமுக்கிவிடும். ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே பழகிய மூக்குக்குத் தெரிந்துவிடும். தோட்டக்காரர் மேலும் தவறில்லை. ஒயின் தயாரித்தவர் மேலும் தவறில்லை. அந்த ஒரு கார்க்கின் தவறு.

அதை நிரூபிக்கப் பெரியவர் அதே ஒயினில், அதே ஆண்டின் இன்னொரு பாட்டிலைத் திறந்தார். காய்ந்த தக்காளியும் ஆலிவும் ரோஜா இதழும் கலந்ததுபோல் ஒரு வாசனை எழுந்தது. காகிதப் பையில் வைத்து ஊற்றியிருந்தாலும் 17 போட்டிருப்போம். "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்போம். அது ஒரே பானைக்குத்தான் பொருந்தும். ஒவ்வொரு பாட்டிலும் தனிப் பானை. ஒவ்வொரு மூட்டையும் தனிப் பானை. ஒன்றை வைத்து நூறை வாங்கவும் கூடாது. ஒன்றை வைத்து நூறைத் தள்ளவும் கூடாது.

கண் செய்யும் மோசம் எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பிரான்சில் போர்தோ நகரில் ஒயின் தொழில் படித்துவந்த 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வாசனைகளையே அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இந்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. கண் முதலில் தீர்ப்பு எழுதிவிடுகிறது. மூக்கு அதற்குக் கையொப்பம் போடுகிறது.

ஒரு சரக்கு, ஒரு நாட்டின் பெயர்

ரெட்சினாவுக்கு ஏன் காலையில் 8 போட்டோம்? அதன் கதை வியாபாரிகள் எல்லோரும் அறிய வேண்டியது.

முன்பு கிரேக்க நகரங்களில் மளிகைக் கடையின் முன்புறம் பருப்பும் எண்ணெயும் விற்பார்கள். பின்கட்டில் நாலு மேசை போட்டு, பீப்பாயிலிருந்து ரெட்சினா ஊற்றித் தருவார்கள். மளிகைக் கடையும் உணவுக் கடையும் சேர்ந்த அந்தக் கடைக்குப் பக்காலோடவெர்னா என்று பெயர். நம் கடைகளில் லூசில் எண்ணெய் விற்றதுபோல் அங்கே லூசில் ஒயின். இன்றும் சாதாரண உணவுக் கடையில் பீப்பாய் ஒயினைக் கிலோக் கணக்கில்தான் கேட்பார்கள். "அரைக் கிலோ ஒயின்" என்றால் அங்கே யாரும் சிரிப்பதில்லை.

பிறகு வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் பெருகியது. கடலோரக் கடைகளில் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மலிவு ரெட்சினா. திராட்சையின் குறையை மறைக்கப் பிசினை அள்ளிப்போட்ட சரக்கும் அதில் உண்டு. ஊருக்குத் திரும்பியவர்கள், "கிரேக்க ஒயினா? டர்பன்டைன்!" என்றார்கள். நௌசாவும் சான்டோரினியும் சாமோஸும் செய்யாத குற்றத்துக்குச் சேர்ந்து தண்டனை அனுபவித்தன. மலிவுச் சரக்கு ஒன்று முன்வரிசையில் நின்றுகொண்டு, பின்னால் நின்ற நல்ல சரக்கையெல்லாம் மறைத்துவிட்டது.

அதிலிருந்து மீண்டதும் படிப்படியாகத்தான். 1971-இல் நெமியா, நௌசா, மந்தீனியா, சான்டோரினி முதலிய ஊர்களுக்குச் சட்டப்படி ஊர்ப்பெயர் உரிமை வந்தது. இன்ன ஊர் என்று எழுதினால் இன்ன திராட்சை, இன்ன எல்லைக்குள் விளைந்தது என்று பொருள். கார்க் மேல் ஒட்டும் தாள்பட்டையும் வந்தது. ஊர்ப்பெயர் பெற்ற இனிப்பு ஒயினுக்கு நீலம், மற்றவற்றுக்குச் சிவப்பு. 1981-இல் நாடு ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்தது. வெளிநாடு சென்று படித்த இளைஞர்கள் திரும்பி வந்து சிறு தோட்டங்களைத் தொடங்கினார்கள். இன்று ரெட்சினாவையே நல்ல திராட்சையில், பிசினை அளவாகச் சேர்த்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மேசையில் இருந்தது அந்த வகை. பழைய கெட்ட பெயரைக் கேட்டு வந்த நாங்கள்தான் காலையில் அதைச் சரியாக முகரக்கூட இல்லை.

இரவு உணவில் பெரியவர் அதே ரெட்சினாவைப் பொரித்த நெத்திலியோடு வைத்தார். உப்பும் எண்ணெயும் வாயில் இருக்கும்போது அந்தப் பிசின் வாசனை எலுமிச்சை பிழிந்ததுபோல் வாயைக் கழுவிவிட்டது. சரக்கைத் தனியாக மட்டும் பார்த்தால் போதாது. வாங்குகிறவர் எதோடு சேர்த்துச் சாப்பிடுவார் என்றும் பார்க்க வேண்டும்.

இது இன்று நேற்று வந்த கவலை அல்ல

பேச்சோடு பேச்சாகப் பெரியவர் தாசோஸ் தீவைப் பற்றிச் சொன்னார். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே அந்தத் தீவு ஒயின் வியாபாரத்துக்குச் சட்டம் இயற்றிக் கல்லில் வெட்டி வைத்தது. திராட்சை கொடியில் இருக்கும்போதே குறித்த நாளுக்கு முன் பேசி வாங்கக் கூடாது என்று ஒரு விதி. தாசோஸ் கப்பல்கள் குறித்த கடல் எல்லைக்குள் வேறு ஊர் ஒயினைக் கொண்டுவரக் கூடாது என்று ஒரு விதி. சாடியிலிருந்து சிறு அளவையால் அளந்து சில்லறையில் விற்கக் கூடாது என்று இன்னொரு விதி. மீறினால், தண்ணீர் கலந்து விற்றவருக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. ஏன் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மூடி உடைத்த சாடியில் என்ன நடக்கும் என்பது எந்தக் காலத்து வியாபாரிக்கும் தெரியும். சாடிகளின் கைப்பிடியில் முத்திரை குத்தும் வழக்கமும் தாசோஸ், ரோட்ஸ் போன்ற தீவுகளில் இருந்தது. ரோட்ஸ் தீவு முத்திரைகளில் அந்த ஆண்டுக்குரிய பூசாரியின் பெயரும், சாடி செய்தவர் பெயரும், மாதமும்கூட உண்டு. ஆக, நம் பொட்டலத்தின் மேல் தயாரிப்புத் தேதி போடுவதற்கு முன்னோடி அது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பற்றிப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் குறிப்பு இருக்கிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில், 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும் பின்னர் நடந்த ஆய்வுகளிலும், ஆம்போரா என்னும் இரு கைப்பிடி மதுச்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் கிரேக்கத் தீவான கோஸின் சாடிகளும் உண்டு. கோஸ் சாடியைப் பார்த்து இத்தாலி போன்ற வேறிடங்களில் செய்த சாடிகளும் உண்டு. கோஸ் ஒயினைப்போல் இத்தாலியிலேயே கடல்நீர் சேர்த்துச் செய்யும் பக்குவத்தை, ரோமானியரான கேட்டோ கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். அசல் எது, அசலைப்போல் வந்தது எது என்று சாடியைப் பார்த்துத் திகைத்த வியாபாரி நம் கடற்கரையிலும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நின்றிருப்பான். அவன் என்ன செய்திருப்பான்? மூடியைத் திறந்து முகர்ந்திருப்பான்!

நம் கடையில் நாம் செய்த மாற்றம்

ஊர் திரும்பிய பின் எங்கள் நான்கு கடைகளிலும் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். செலவில்லாத வழக்கம், நண்பர்களும் செய்து பார்க்கலாம்.

ஒன்று: மூன்று இடத்துப் பருப்பு மாதிரி வந்தால், ஒரே மாதிரிக் கிண்ணங்களில் கொட்டி, அடியில் மட்டும் எண் எழுதி வைக்கிறோம். எந்த மண்டி, என்ன விலை என்பது பார்த்து முடிக்கும்வரை ஒருவருக்கும் தெரியாது.

இரண்டு: பேசுவதற்கு முன் எழுதுகிறோம். முதலாளி வாயைத் திறந்துவிட்டால் மற்றவர் நாக்கு அவர் நாக்காகிவிடும்.

மூன்று: கடையில் இளையவர் முதலில் படிக்கிறார், முதலாளி கடைசியில். மூட்டை தூக்குகிற தம்பி, "இதில் வாடை வருகிறது" என்றால் அதை அடித்துவிடாமல் மூட்டையை மறுபடி பிரித்துப் பார்க்கிறோம்.

நான்கு: ஒரே மூட்டையில் மாதிரி எடுப்பதில்லை. அடுக்கின் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் எடுக்கிறோம்.

ஐந்து: தள்ளுபடி செய்த சரக்கை அடுத்த பருவத்தில் மறுபடி பார்க்கிறோம். ஒரு காலத்துக் கெட்ட பெயர் இன்றைய தரத்துக்குச் சாட்சி ஆகாது.

இந்த முறையில் முதல்முறை பார்த்தபோதே எங்கள் கடைக்கு ஒரு குட்டு விழுந்தது. நெடுநாள் நம்பி வாங்கிய ஒருவரின் துவரம் பருப்புக்கு மூன்றாம் இடம். நாம் திரும்பியும் பார்க்காத ஒருவர் சரக்குக்கு முதல் இடம். பழகிய முகத்துக்காக எத்தனை நாள் கூடுதல் விலை கொடுத்தோமோ! அந்தக் கூடுதலைக் கொடுத்தது நம் பணப்பெட்டி அல்ல; வாங்கிப்போன வாடிக்கையாளர்.

தெசலோனிக்கியில் விடைபெறும்போது பெரியவர், கெட்டுப்போன அந்தப் பாட்டிலின் கார்க்கை அண்ணாச்சியின் கையில் கொடுத்தார். "இது உங்களுக்குச் சேர வேண்டியது" என்றார். இப்போது அது விருதுநகர் மண்டியில் கல்லாப்பெட்டிக்குள் கிடக்கிறது. மாதிரி பார்க்க உட்காரும்போது அண்ணாச்சி அதை எடுத்து மேசைமேல் வைப்பார். ஒன்றும் பேசமாட்டார். நாங்களும் அவர் எழுதி முடிக்கும்வரை வாய் திறப்பதில்லை.